பெரியப்பாவின் பத்திரிகையைப் பிடித்துக் கொடுத்த கதை

இந்த ஜெர்மன் ஊரில் மின்னஞ்சலைக்கூட வாசலில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். அனுப்பியது யார், கூட வந்திருக்கும் கோப்பு என்ன என்று தெரியாமல் எதையும் திறக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகச் சட்டம். உடுமலைப்பேட்டையில் வளர்ந்தவளுக்கு இது லேசில் வருமா? எங்கள் வீட்டில் யார் வந்தாலும் முதலில் "வாங்க", அடுத்தது ஒரு சொம்புத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் "ஏனுங்க, நீங்க யாருன்னு தெரியலீங்களே". அந்தப் பழக்கத்தில், வந்த புதிதில், அலுவலகமே சோதனைக்காக அனுப்பிய பொய்யான அஞ்சலைத் திறந்ததோடு, உள்ளே ஒன்றும் இல்லையே என்று மரியாதையாகப் பதிலும் எழுதிவிட்டேன். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெல்கா என்னைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

பாடம் நன்றாகவே ஏறியது. போன மாதம் முன்பின் தெரியாத முகவரியிலிருந்து ஓர் அஞ்சல் வந்தது. "அவசரம், உடனே திறக்கவும்" என்று தலைப்பு, கூடவே ஒரு ஜிப் கோப்பு. ஹெல்கா சொன்ன அத்தனை லட்சணமும் பொருந்தியிருந்தது. கோப்பைத் தொடாமல் புகார்ப் பொத்தானை அழுத்தி, அஞ்சலை ஹெல்காவின் காவலுக்கு அனுப்பிவிட்டேன். ஹெல்கா நேரில் வந்து பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் அம்மா போனில் பிடித்து உலுக்கினார். வந்தது பெரியப்பா மகன் சரவணனின் கல்யாணப் பத்திரிகையாம். ஊருக்குப் போனபோது நான் பெருமையாகக் கொடுத்த விசிட்டிங் கார்டை அச்சகத்தில் நீட்டி, அங்கிருந்தே அனுப்பச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா. சரவணனுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. மாப்பிள்ளையின் சகோதரி உட்கார வேண்டிய இணைச்சீர்ச் சடங்குக்கு நான்தான் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. பத்திரிகை கிடைத்தும் நான் வாய் திறக்காததால் வேறு பெண்ணைத் தேடுகிறார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே பெரியப்பாவை அழைத்தேன். "நல்லாருக்கீங்களா அம்மணி?" என்றார். என்னைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறவர் 'ங்க' போட்டால் கோபம் உச்சியில் இருக்கிறது என்று பொருள். நடந்ததைச் சொன்னேன். "அப்ப நம்மூட்டுப் பத்திரிகையத் திருட்டுக் கேசுல புடிச்சுக் குடுத்துப்போட்டீங்க" என்று வைத்துவிட்டார்.

ஹெல்காவிடம் ஓடினேன். கல்யாணத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டார். ஆயிரத்துக்குக் குறையாது என்றேன். அப்படியானால் இது மொத்தமாக அனுப்பும் விளம்பர அஞ்சல்தானே என்றார். பத்திரிகைதான் என்று சத்தியம் செய்தும் விடவில்லை. அனுப்பியவரை, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு, அவர் வாயாலேயே உறுதி செய்தால்தான் கோப்பை விடுவிப்பாராம். அவர் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் பெரியப்பா சொன்னார்:

"அந்தம்மா சொல்றது நாயந்தான் கண்ணு. வெறும் பத்திரிகைய அனுப்புச்சா அழைப்பாகுமா? வாயில கூப்புடோணும். அத உட்டுப்போட்டேன். இணைச்சீருக்கு நீதான் வந்து உக்காரோணும், வந்துரு சாமி. அந்தம்மாளையும் ஊட்டுக்காரரோட வரச் சொல்லு."

மொழிபெயர்த்துச் சொன்னேன். முகம் தெரியாத என்னை இவர் எதற்கு அழைக்கிறார் என்று ஹெல்கா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பை மட்டும் விடுவித்துவிட்டார்.

பத்திரிகை திரையில் விரிந்தது. மணமகனின் சகோதரி என்று என் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி. அதற்கு மேலே, அலுவலகக் கணினி தானாக ஒட்டும் மஞ்சள் பட்டை: "இது வெளியாளிடமிருந்து வந்தது, கவனம்." அந்தப் பட்டையை எடுக்க முடியுமா என்று ஹெல்காவிடம் கேட்டேன். முடியாதாம். பட்டையோடு சேர்த்தே அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.