அப்பாவுக்குச் சொறி வந்த வழி

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் முதுகுக்குத் தலையணை அடுக்கி, கம்பளியைப் போர்த்தியபடி உட்கார்ந்தே தூங்குவார். உடம்பு அரிக்கத் தொடங்கியதும் இதய மாத்திரைதான் எங்களிடம் திட்டு வாங்கியது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் விரலிடுக்கைப் பார்த்து, "சொறிப்பூச்சி" என்றார்; குடும்பமே ஒரே நாளில் மருந்து பூச வேண்டுமாம்.

நாங்கள் எல்லோரும் மருந்து பூசிக்கொண்டு வெள்ளையாக நின்றபோது, குழாய்த் தண்ணீருக்காகச் சண்டை போட்டதிலிருந்து அப்பாவோடு பேசாத பக்கத்து வீட்டு மாமா மணிக்கட்டைச் சொறிந்தபடி வந்தார்.

"மருந்து மிச்சம் இருக்கா, தங்கச்சி?"

அம்மா அப்பாவை முறைத்தாள். "நீங்க ரெண்டு பேரும்தான் பேசுறதில்லையே?"

"இப்பவும் பேசுறதில்ல," என்றார் அப்பா. "நீங்கல்லாம் தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதும், ஒரே கம்பளியப் போத்திக்கிட்டு மேட்ச் பாப்போம். அவ்வளவுதான்."