டோக்கன் அக்காவின் மணிக்கட்டு

திரும்பி வந்த, துளைபோடும் ட்ரில் பிட்டை எடுத்து அக்கா தன் இடது மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்கிறார். பால் புட்டியின் சூடு பார்ப்பதுபோல ஒரு நொடி, அவ்வளவுதான்.

"ஜில்லுனு இருக்கே, ஓட்டினா சுடணுமே."

சன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மாணவி காலை மாற்றி நிற்கிறாள். "இப்பதான்க்கா ஓட்டினேன்."

"ஓட்டினியா, ஓட்டுறத பக்கத்துல நின்னு பார்த்தியா?"

மாணவி கையைப் பின்னால் கொண்டுபோகிறாள்.

"கையக் காட்டு."

கை சுத்தமாக இருக்கிறது. நடுவிரலில் மட்டும் பேனா மை.

"இந்தா, எடுத்துட்டுப் போ. அந்தத் தடியனுங்க கேட்டா, அக்கா திரும்ப வாங்க மாட்டேங்குதுன்னு சொல்லு."

கால் மணி நேரம் கழித்து அதே மாணவி வருகிறாள். பட்டறைக் கோட்டின் கையில் ஒரு இரும்புச் சுருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டில் பிட்டை வைத்த அக்கா "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொள்கிறார். அவருக்கு அதில் பெருத்த சந்தோஷம்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டறையில் கருவிகள் வைக்கும் ஸ்டோருக்குப் பொறுப்பாளர் அவர். நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை. மூன்று சுவர்களிலும் ஆணி, ஆணிகளில் ஸ்பேனரும் அரமும் பிட்டும். நான்காவது பக்கம் கம்பி வலை போட்ட சன்னல். அதன் கீழ்ப்பலகை, வைத்து எடுத்த கருவிகளால் நடுவில் குழிந்திருக்கிறது. சேர்ந்த முதல் நாளே ஒவ்வொரு மாணவருக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கன் கிடைக்கும். டோக்கனைக் கொடுத்தால் கருவி, கருவியைக் கொடுத்தால் டோக்கன். கருவி வெளியே போன ஆணியில் அதுவரை டோக்கன் தொங்கும். வகுப்பு இல்லாத நேரத்தில் டோக்கன்கள் சன்னலோரத் தனி ஆணிகளில் எண்வரிசையில் இருக்கும். அதனால்தான் அவர் டோக்கன் அக்கா.

வயது நாற்பத்தாறு. கொண்டையில் ஒரு பென்சில் எப்போதும் செருகியிருக்கும். அதைத் தேடிக்கொண்டே பாதி நாள் போகும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எண்தான். "முப்பத்தொன்னு, உங்கப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?" என்பார். "பதினேழோட அண்ணிக்கு ரெட்டைக் குழந்தையாம்" என்று பியூனிடம் செய்தி சொல்வார். பெயர்களை மறந்துவிடுகிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். குடும்பத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் எண்வாரியாக அவரிடம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் போய் நின்றபோது நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்திமூணு, ஏன் இப்படிக் கறுத்துட்ட?" என்றார்.

நானும் அங்கே படித்தவள்தான். பட்டறைச் செய்முறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினேன். என் ரெக்கார்டு நோட்டின் கையெழுத்து அவ்வளவு அழகு. ஆறு பேர் குழுவில் பையன்கள் லேத் என்ற கடைசல் இயந்திரத்தை ஓட்டுவார்கள், நான் அளவு எழுதுவேன். பிறகு எத்தனையோ ஊர்களில் என்னைப் பொறியாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, மக்கர் பண்ணும் ஒரு பம்பின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் அக்காவும் எங்களைத் தடுத்தவர்தான். அன்பாகத் தடுத்தார். "எண்ணெய் ஆயிடும்மா, நீ போய் எழுது" என்பார். நல்ல துணி போட்டு வந்தவர்களுக்குத் துடைக்கப் பழந்துணிகூட எடுத்து வைப்பார். அதை இப்போது சொல்லும்போது தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்கிறார்.

அவருக்குக் கண் திறந்தது எங்கள் வகுப்பு படிப்பை முடித்துப் போன பிறகு. டோக்கன்களைத் திரும்ப வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து, அடுத்த வகுப்புக்குக் கொடுப்பது வழக்கம். அந்த ஆண்டு டப்பாவைக் கவிழ்த்தபோது சில டோக்கன்கள் கழுவாமலே பளபளவென்று இருந்தன. புதிதாக வந்தவை கலந்துவிட்டன என்று எண்ணி ஓரமாக ஒதுக்கினார். ஒதுக்கியதைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் பெண்கள்.

"ஸ்டூல்ல உக்காந்துட்டேன். நாலு வருஷம். இந்த சன்னலுக்கு ஒருத்தி கருவி வாங்க வந்ததில்ல. நானும் இங்கயேதான் உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியல பாரு."

அந்த டப்பாவை அவர் கழுவவே இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஒரு சட்டம் போட்டார். போன வாரம் வந்த டோக்கனுக்கு இந்த வாரம் கருவி கிடையாது. குழுவில் வேறொருவர்தான் வர வேண்டும். வாங்கியவர்தான் ஓட்ட வேண்டும். பையன்கள் லேசுப்பட்டவர்களா? பெண்களை அனுப்பி வாங்கிவரச் சொல்லி, வாசலிலேயே கருவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மணிக்கட்டுச் சோதனை அப்போது தொடங்கியதுதான்.

கோட்டு இன்னொரு தொல்லை. கிடைத்ததெல்லாம் ஆறடி ஆளுக்குத் தைத்தவை. தொங்கும் கை லேத்தில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும், அதனால் பெண்கள் தள்ளி நிற்கட்டும் என்று ஒரு காரணம் உலவியது. அக்காவின் கணவர் தையல்காரர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபத்திரண்டு கோட்டுகளின் கையை வெட்டிச் சுருக்கினார். மனைவியின் சட்டம் அவர் வீட்டில் பெரிய வேடிக்கை.

"உன்ன வேலைய விட்டுத் தூக்கிட்டா கவலப்படாத. கடைல காஜா எடுக்க ஆள் இல்ல" என்பார்.

"வரேன். வந்தா உங்க கத்திரிக்கோலுக்கும் டோக்கன் போடுவேன், பரவால்லையா?"

"வேணாம் தாயி, நீ அங்கயே இரு."

தூக்குகிற பேச்சு உண்மையிலேயே வந்தது. சட்டம் வந்து மூன்று ஆண்டுகளானபின் பட்டறைப் பேராசிரியர் எழுதிக் கொடுத்தார்: டோக்கன் முறையால் செய்முறை நேரம் வீணாகிறது, இனி குழுத்தலைவரிடம் கருவிப்பெட்டியை மொத்தமாகக் கொடுத்துவிடலாம், ஸ்டோர் பொறுப்பாளரை எழுதுபொருள் பிரிவுக்கு மாற்றலாம். குழுத்தலைவர்கள் பதினான்கு பேரும் பையன்கள். பெட்டி அவர்கள் கைக்குப் போனால் பெண்கள் நோட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அக்கா பல்கலைக்கழகத்தின் சமத்துவக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பென்சிலால். அந்தக் குழுவில் பழைய மாணவிக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஊர் திரும்பிய என்னை அதில் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

குளிரூட்டிய அறை. சுவரில், தலைக்கவசம் அணிந்து சிரிக்கும் பெண்ணின் சுவரொட்டி. குழுத்தலைவி கணிதப் பேராசிரியை. நூறு பேரில் முப்பத்துநான்கு பேர் பெண்கள், பட்டறைத் தேர்வில் ஒருவர்கூடத் தோற்றதில்லை என்று வாசித்தார். பேராசிரியர் பொல்லாதவர் அல்ல. வருத்தத்தோடுதான் சொன்னார்: "பொண்ணுங்க யாரும் இதுவரைக்கும் புகார் கொடுக்கலையேம்மா. இவங்களாதான் ஏதோ நினைச்சுக்கிட்டு..."

அக்கா இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்திருந்தார். பழைய டப்பாவை மேசையில் கவிழ்த்தார். அறுபது டோக்கன் இருக்கும். கண்ணாடி மேசையில் அது போட்ட சத்தத்தில் காப்பி கொண்டுவந்தவர் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"அம்மா, நம்பரப் பார்க்காதீங்க. குப்புறப் போட்டுக்கங்க. இதுல பொண்ணுங்களோடது எதுன்னு பிரிங்க."

"எப்படிப் பிரிக்கிறது?"

"உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் எண்ணெய்க் கறுப்பேறி விளிம்பு மழுங்கியவை, மறுபக்கம் மின்னுபவை. பதிவேட்டோடு ஒத்துப் பார்த்ததில் இரண்டே பிழை. மின்னுகிற குவியலில் இரண்டு பையன்கள்.

"அவனுங்க ரெண்டு பேரும் எப்பவும் கிரவுண்டுலதான் இருப்பானுங்க" என்றார் அக்கா.

மின்னும் குவியலின் மேலாகக் கிடந்தது நாற்பத்துமூன்று. நான் என் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. இப்ப இதப் பிரிங்க சார்." இரண்டாவது டப்பாவைப் பேராசிரியர் முன்னால் கவிழ்த்தார். இப்போது இறுதியாண்டில் இருப்பவர்களின் டோக்கன்கள், அன்று காலை ஆணியிலிருந்து கழற்றியவை.

பேராசிரியர் ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எல்லாம் கறுப்பு. எல்லாவற்றிலும் கீறல். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலையே."

"தெரியக்கூடாது சார். அதுக்குத்தான் நேரம் ஆகுது."

பிறகு தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் பேராசிரியரேதான். செய்முறை நேரத்தை அரை மணி கூட்டித் தரக் கேட்டு வேறொரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார். தலைவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தோற்ற முகம் எதுவும் அந்த அறையில் இல்லை என்பதைப் பார்த்தபோது, நான் படித்த இடம் என்று சொல்லிக்கொள்ள முதல்முறையாக ஆசையாக இருந்தது.

பட்டறைக்குத் திரும்பும்போது அக்கா வேகமாக நடந்தார். "பன்னெண்டு மணி வகுப்பு வந்துடும், டோக்கனெல்லாம் மாட்டணும்." கறுத்த டோக்கன்களை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினார். மாட்டும்போதே எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டார், வீட்டுக்கு வந்தவர்களை வரிசையாக விசாரிப்பதுபோல. வெளியே லேத்துகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. முப்பத்தொன்று, காலை அகட்டி நின்று, துளைபோடும் இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். ரெக்கார்டு நோட்டு ஒரு தடியனின் மடியில் இருந்தது.

பழைய டப்பாவை மூடப்போன அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு குறையுது."

என் பையிலிருந்து நாற்பத்துமூன்றை எடுத்து, சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, குழிந்த பலகையில் வைத்தேன். மேசையிலிருந்து அதை நான் எடுத்ததை எப்போது பார்த்தாரோ.

அக்கா அதை டப்பாவில் போடவில்லை. கால் அங்குல பிட் தொங்கிய ஆணியிலிருந்து பிட்டைக் கழற்றி, அந்த இடத்தில் நாற்பத்துமூன்றை மாட்டினார். பிட்டைப் பலகையின் மேல் என் பக்கம் தள்ளினார். பிறகு சட்டையின் இடது கையை மணிக்கட்டுக்கு மேல் சுருட்டி ஏற்றிவிட்டுக்கொண்டு, சன்னலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.