சூப்பர்சார்ஜருக்கு இ.சி.யூ. பார்த்த படலம்

எங்கள் தொழிலில் வண்டிக்காரர்கள் விடையோடு வருவார்கள். கேள்வி என்ன என்பதை நாங்கள்தான் ஸ்பேனரும் லேப்டாப்புமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, 'பார்த்துச் சொல்றேன்' என்று மழுப்பிவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நானும் உங்கள் ஆள்தான்.

தேனியில் பெரியகுளம் சாலைப் பக்கம் ஒரு கார் பட்டறையில் எனக்கு வேலை. ஓனர் செல்வின் அண்ணன். என்ஜினை அவர் பார்ப்பார். அதன் கம்ப்யூட்டர் சமாசாரம் எல்லாம் என் பொறுப்பு. ஆண்டிபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் கார் கிடையாது. அந்த வீட்டிலிருந்து கிளம்பி ஊரார் காருக்கு வைத்தியம் பார்க்கிறேன்.

சருகில் வந்த மாப்பிள்ளை

குமரேசன் அண்ணனுக்குச் சின்னமனூரில் வாழைக்காய் மண்டி. ஒரு நாள் காலையில் பிளாஸ்டிக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். வாழைச் சருகை ஒவ்வொன்றாக விலக்கினால், உள்ளே ஒரு சூப்பர்சார்ஜர். கொச்சியில் யாரோ பழசாகக் கொடுத்ததாம். வாழைத்தார் நசுங்காமல் கட்டுகிற மாதிரியே அதையும் பக்குவமாகக் கட்டியிருந்தார்.

சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினின் பெல்ட்டிலேயே ஓடி, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிற பம்பு. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், தீப்பொறி விழுகிற நேரமும் மாற வேண்டும். இரண்டையும் முடிவு செய்வது இ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் பெட்டி. காரோடு வந்த பெட்டிக்கு இந்தப் புதுக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் வேறு பெட்டி வேண்டும். தப்பான பெட்டியைப் போட்டால் ஒரே மலையேற்றத்தில் பிஸ்டன் உருகிவிடும். இதையெல்லாம் நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளைய நான் புடிச்சுட்டேன் பாப்பா. பொண்ணு பாக்குறது ஒங்க வேல."

அப்பாவின் கேள்வி

அப்பா தறி ஓட்டுகிறவர். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், இன்றைக்கு என்ன வேலை என்று கேட்பார். இந்த முறை கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: ஒரு காருக்குப் புது மூளை தேர்ந்தெடுக்கப் போகிறேன், என் சொல்லை வைத்துத்தான் வாங்குவார்கள் என்று. காற்று, பெட்ரோல், தீப்பொறி எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா டீயை முழுதாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த இஞ்சினு கெட்டுப்போச்சுன்னா யாரும்மா பொறுப்பு? ஓனரா, நீயா?"

பொய் சொல்லும் பெட்டி

எங்களுக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, பழைய இ.சி.யூ.வை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு குட்டிப் பெட்டியைச் சேர்ப்பது. வருகிற காற்றின் அளவை அது பழைய பெட்டிக்கு மாற்றிச் சொல்லி ஏமாற்றும். இரண்டு, பழையதைத் தூக்கிவிட்டு, செல்போனிலேயே முள் ஆடுகிற மாதிரி மீட்டரெல்லாம் காட்டுகிற ஒரு பெட்டியைப் போடுவது. கொச்சிக்காரர் குமரேசன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியது அதைத்தான். எனக்கும் அதன் மேல் ஒரு கண். மூன்றாவதும் பழையதற்குப் பதிலாகப் போடுகிற பெட்டிதான்; பார்க்கச் சோப்பு டப்பா மாதிரி இருக்கும். செட் பண்ணவும் நாளாகும். ஆனால் பெட்ரோல் அழுத்தம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்து என்ஜின் உள்ளே தட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கும்.

செல்வின் அண்ணன் முதல் வழியே போதும் என்றார். நாலைந்து வண்டிக்குப் போட்டிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. "பொய் சொல்லித்தான் ஓட்டணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் கோபப்படவில்லை; கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம கஸ்டமர்க சொல்றதவிட அந்தப் பொட்டி கம்மியாத்தான் பொய் சொல்லும்."

மூன்று கேள்விகள்

செல்வின் அண்ணன் அதைச் சும்மா சொன்னார் என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை குமரேசன் அண்ணன் வந்தபோது, பெட்டியை முடிவு செய்யத் தேவையான மூன்று கேள்விகளைக் கேட்டேன். என்ன பெட்ரோல் போடுவீர்கள்? "வெல கூடுன பெட்ரோலு மட்டுந்தான்." எங்கே ஓட்டுவீர்கள்? "ஞாயித்துக்கெழம மேகமலைக்கு ஏறி ஒரு டீயக் குடிச்சுட்டு எறங்குவேன். அவ்வளவுதான்."

யார் யார் ஓட்டுவீர்கள் என்று மூன்றாவதைக் கேட்கும்போது அவருடைய போன் அடித்தது. "சொல்லுங்க மாமா. நாளைக்கா? காதுகுத்தா? எடுத்துட்டுப் போங்க, இதுக்குப் போயி கேட்டுக்கிட்டு. சாவி வாசல் ஆணியிலதான தொங்குது." போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நான் மட்டுந்தான் பாப்பா. அடுத்த ஆளு கை பட விடமாட்டேன்."

பின்சீட்டில் கிடந்தவை

அளவெடுக்கக் கார் இரண்டு நாள் தாமதமாக வந்தது. கம்பத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்ததாம். ஓட்டுகிற சீட்டு ஸ்டியரிங்கை ஒட்டிக் கிடந்தது. குமரேசன் அண்ணன் உயரத்துக்கு அவர் முழங்காலை எங்கே வைப்பார் என்றே தெரியவில்லை. பின்சீட்டில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, வாடிய மல்லிகைச் சரம், ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, யாருடையதோ மாத்திரை அட்டை.

அண்ணனின் மனைவி ஈஸ்வரி அக்காவும் கூட வந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னார் வீட்டுது என்று பிரித்து வைத்தார். இந்தக் காரை யாரெல்லாம் ஓட்டுவார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டு கை முடிந்ததும் சிரித்துவிட்டார். "முடியாதுன்னு சொல்ல மாட்டாராக்கா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. இரண்டாவது பிரசவத்துக்கு வலி எடுத்தபோது அவர்கள் வீட்டில் மொபெட்தான் இருந்ததாம். நல்ல மழை. தெருவில் ஒருவர் எஸ்டேட்டுக்கு ஓட்டுகிற தன் ஜீப்பை அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அவருக்கோ காய்ச்சல், சாவியை மட்டும் நீட்டியிருக்கிறார். குமரேசன் அண்ணன் அதற்கு முன் ஜீப்பைத் தொட்டதே இல்லை. தட்டுத் தடுமாறித் தேனி ஆஸ்பத்திரி வரை அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "அன்னைக்குச் சாவியக் குடுத்தவுக, 'ஒனக்கு ஓட்டத் தெரியுமா'ன்னு ஒரு வார்த்த கேக்கல பாப்பா."

இரண்டாவது இடம்

அன்று பஸ்ஸில் ஆண்டிபட்டி வரை இதே யோசனை. அவர் தரும் பதிலுக்குப் பெட்டி பார்த்தால் எதைப் போட்டாலும் சரிதான். ஆனால் அந்தக் கார் காதுகுத்துக்கும் போகும், துக்கத்துக்கும் போகும், யார் யாரோ எந்தெந்தப் பெட்ரோலையோ ஊற்றுவார்கள். அவர் ஒருநாளும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. மறுநாள் செல்வின் அண்ணனிடம், சோப்பு டப்பாதான் என்றேன். "நாளாகும். ஓட்டமும் அவரு நெனச்ச அளவு இருக்காது. ஒம் பேச்சுலதான் நிக்கும், சரியா?" என்று கேட்டார். சரி என்றேன்.

அந்தப் பெட்டியில் பல விதமான ஓட்டத்தைப் பதிந்து வைக்கலாம்; நான் இரண்டு பதிந்தேன். சாவியைத் திருப்பினால் வருவது முதலாவது. அதில் ஒரு வால்வு திறந்தே இருக்கும்; சூப்பர்சார்ஜர் சும்மா சுற்றும், கார் பழைய சாதுவான காராகவே ஓடும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்த பொத்தானை அமுக்கினால்தான் இரண்டாவது, முழு வேகம். லேப்டாப்பில் முதலாவதற்கு 'ஊர்' என்றும், இரண்டாவதற்கு 'அண்ணன்' என்றும் பெயர் வைத்திருந்தேன். குமரேசன் அண்ணன் ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தார். செல்போனில் முள் ஆடாத வருத்தம் ஏற்கெனவே இருந்தது. "அப்ப எங்க வண்டியில எனக்கு ரெண்டாவது எடமா பாப்பா?"

பொட்டு

மாட்டி முடித்த அன்று சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வந்துவிட்டது. குழைத்த சந்தனத்தோடு அண்ணனின் விரல் பெட்டியின் ஒயர் சொருகுகிற பக்கமாகப் போவதைப் பார்த்து, "அங்கன வேணாம்ணே, மூடி மேல வைங்க" என்று குறுக்கே கையை நீட்டிவிட்டேன். சந்தனம் என் கையில் அப்பியது. அவர் மூடிக்கு நிதானமாகப் பொட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "மூளைக்கு உள்ள யாரும் பொட்டு வைக்க மாட்டாக பாப்பா, எனக்கும் தெரியும்."

குமுளி மலை

ஒரு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, பட்டறை திறக்கும்போதே கார் வாசலில் நின்றது. குமரேசன் அண்ணனோடு வந்திருந்த அவருடைய மச்சான்தான் பேசினார். முந்தின நாள் மச்சான் ஓட்ட, குமுளிக்குப் பெண் பார்க்க ஐந்து பேராகப் போயிருக்கிறார்கள். கூடலூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்திருக்கிறது, கார் சோர்ந்துவிட்டது. "பஸ்ஸு முந்துது, ஜீப்பு முந்துது. வாழத்தாரு கட்டுன மொபெட்டு முந்துது. பொண்ணு வீட்டுல, நடந்து வந்தீகளான்னு கேக்குறாக," என்றார்.

அப்பாவின் கேள்விதான் எனக்குள் ஓடியது. லேப்டாப்பைச் சொருகினேன். பொத்தானை யாரோ அமுக்கியிருக்கிறார்கள்; 'அண்ணன்' ஓடியிருந்தது. வழியில் பெட்ரோல் காலியாகி, பெட்டிக்கடையில் பாட்டில் பெட்ரோல் வாங்கி ஊற்றியதை மச்சானே சொன்னார். அந்தப் பெட்ரோலும் ஐந்து பேர் பாரமும் ஏற்றமும் சேர்ந்து என்ஜின் தட்டத் தொடங்கியிருக்கிறது. சோப்பு டப்பா அதைக் கேட்டு, தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளி, அப்படியும் நிற்காததால் காரை 'ஊர்' ஓட்டத்துக்கே இறக்கிவிட்டிருக்கிறது. செல்வின் அண்ணன் பிளக்கைக் கழற்ற, அந்த ஓட்டை வழியே சின்ன கேமராவை விட்டுப் பார்த்தோம். நாலு பிஸ்டனும் சுத்தம். நான் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பொத்தான் இருக்கிற எடத்த யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேனேண்ணே," என்றேன். "யாருகிட்டயும் சொல்லல பாப்பா. மச்சானுக்கு மட்டுந்தான் சொன்னேன்." பொத்தானை எடுத்துவிடலாமா, அல்லது மச்சானிடம் இனிமேல் கார் கிடையாது என்று சொல்லிவிடுகிறீர்களா என்று கேட்டேன். மச்சான் டீக்கடைப் பக்கம் போகும் வரை காத்திருந்துவிட்டு, குமரேசன் அண்ணன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பொத்தான எடுத்தா அவன் மனசு சங்கடப்படும். அவனுக்குன்னு மூணாவதா ஒண்ணு போட்டுருங்க. எனக்கு முடியாதுன்னு சொல்ல வராது பாப்பா, அத அந்தப் பொட்டியே சொல்லட்டும்."

ஆக, ஒரு காருக்கு இ.சி.யூ. தேர்ந்தெடுப்பது என்பது, வண்டிக்காரர் சொல்கிற பதிலை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் வீட்டு வாசல் ஆணியைப் பார்த்து முடிவெடுக்கிற வேலை.