பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான கோட்டை

என் அழுகையைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. தலையில் மஞ்சள் அட்டைக் கிரீடம், மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் மாமா ஒரு நீலப் போர்வையைச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் என்னை நிறுத்திக் கைப்பேசியில் எடுத்த காணொளி அது. "கோட்டையைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டே விம்மி விம்மி அழுவேன். அதைப் பார்த்து, எங்கெங்கோ இருந்த நாற்பது வயது ஆண்கள் தாங்களும் அழுததாகக் கீழே எழுதியிருந்தார்கள்.

நான் கோட்டைக்காக அழவில்லை. பசி.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தெப்ராவில் அடுக்குமாடி வீடு, தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் கணினி வேலை. அந்த வீட்டில் அத்தையின் துணிமணிக்கு ஓர் அலமாரிதான் இருந்தது. மாமாவின் விளையாட்டுக் கட்டைகளுக்கு ஓர் அறையே இருந்தது. ஒன்றோடொன்று பொருத்தி வீடும் கப்பலும் கட்டுவோமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். குளிர்சாதனம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த அறைக்குள் போக வேண்டுமானால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கோயிலில்கூட எங்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

மாமாவைப் போலவே ஜோகூரில் இன்னும் பலர் இருந்தார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், பாதிப் பேருக்குத் தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. மாதம் ஒருமுறை தெப்ராவில் ஒரு பேரங்காடியின் உணவுக்கூடத்தில் கூடுவார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய மனக்குறை. அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்தக் கட்டைக் கம்பெனி கோட்டை வரிசை என்று ஒன்றை விற்றது. சாம்பல் நிற மதில், சங்கிலியில் இறங்கும் பாலம், ஈட்டி பிடித்த குதிரை வீரர்கள். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் போராட்டம். எங்கள் கோயில் கமிட்டி இரண்டாக உடைந்த வருடம்கூட அவ்வளவு சூடான பேச்சை நான் கேட்டதில்லை. கம்பெனிக்கு எழுதி எழுதிப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் யோசனை சொன்னாராம்: நாம் கேட்டால் எப்படிக் கொடுப்பான்? அவன் செய்வது பிள்ளைகளுக்கான சாமான். பிள்ளை கேட்க வேண்டும்.

அவர்களில் யாருடைய பிள்ளைக்கும் கோட்டையில் ஆசை இல்லை. எனக்கும் இல்லைதான். நான் ஆசைப்பட்டது கால்நடை மருத்துவமனை. அந்தப் பெட்டிப் படத்தில் காலில் கட்டுப் போட்ட ஒரு குதிரை நிற்கும். அதை மாமாவிடம் சொன்னேன்.

"அது அப்புறம் பார்த்துக்கலாம் லா. கோட்டை வந்தா அதுலயும் குதிரை வரும்தானே?" என்றார் மாமா. "வந்துச்சுன்னா மொத கட்டை நீதான் வைக்கணும். நீயும் மாமாவும் சேர்ந்து கட்டுவோம். சத்தியம்."

சத்தியம் செய்தபோது என் உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தினார். நான் நம்பினேன். மாமா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதே அன்றுதான்.

காணொளி எடுத்தபோது அப்பா இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஓவர்டைம். காலையில் ரொட்டி சாப்பிட்டதோடு சரி. என் நாக்கில் ஆங்கிலக் 'காஸல்' வரவே இல்லை. எழுத்தில் இருக்கும் டகரத்தை விடாமல் உச்சரித்தேன். "டி சத்தம் வரக் கூடாது பாப்பா, இன்னொரு வாட்டி," என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அட்டைக் கிரீடம் நெற்றியை அறுத்தது. பகல் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அம்மா எப்போது வருவார் என்று கேட்கத் தொடங்கி, கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

மாமா கைப்பேசியைக் கீழே இறக்கவில்லை. "அப்படியே, அப்படியே சொல்லு!" என்றார், குரலை அடக்கிக்கொண்டு. நான் சொன்னேன். அந்தத் தடவை உச்சரிப்பு சரியாக வந்துவிட்டது.

அதன்பின் அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாயும் மைலோ ஐஸும் வாங்கிக் கொடுத்தார். மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மாவிடம் காணொளியைப் பெருமையாகக் காட்டினார்.

"பிள்ளை ஏன்டா அழுவுது?"

"நடிப்புக்கா."

அம்மா என்னைப் பார்த்தார். ஆமாம், நடிப்பு என்றேன். வயிறு நிறைந்திருந்தது, அதனால் அது அப்போது உண்மையாகவே தோன்றியது.

பள்ளியில் கொஞ்ச காலம் என்னை அழுமூஞ்சி ராணி என்று கூப்பிட்டார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். என் கையில் ஒரு சத்தியம் இருந்ததே.

கோட்டை வர இரண்டு வருடம் ஆனது. பெரியவர்களின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பழைய வரிசை மீண்டும் வருகிறது என்று கம்பெனி அறிவித்ததும் மாமா எங்கள் வீட்டுக்கு லட்டுப் பெட்டியோடு வந்தார். என் அழுகைதான் அதைச் சாதித்தது என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். அழுதே ஒரு கோட்டையைக் கட்டிவிட்டேன் என்ற எண்ணம் எனக்குள் கொஞ்சம் தலைக்கனத்தைக்கூடக் கொண்டுவந்தது.

விற்பனைக்கு வந்த முதல் நாள், பேரங்காடியின் கீழ்த்தளத்தில் பொம்மைக் கடைக்கு முன்னால் மாமாவின் கூட்டத்தார் மேசைகளைப் போட்டுக் கொண்டாட்டம் நடத்தினார்கள். எனக்குத் தீபாவளிப் பஞ்சாபி சூட். அம்மா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மாமாவின் கூட்டத்துக்கு அம்மா வந்தது அதுதான் முதல் தடவை. ஏன் வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை நான் ஏந்தி நிற்க, எல்லாரும் படம் எடுத்தார்கள். அது என் நெஞ்சளவு அகலம். எனக்குக் கனம் தாங்காததால் அடியில் மாமா ஒரு கை கொடுத்தார். அப்போதுதான் பெட்டி மூலையில் இருந்ததைப் பார்த்தேன். பதினெட்டும், பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும்.

"மாமா, பதினெட்டுன்னு போட்டிருக்கு."

"அது சும்மா போடுறது. சிரி, சிரி."

படம் எடுத்து முடிந்ததும் பெட்டி என் கையிலிருந்து மேசைக்குப் போனது. மாமாவின் கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பைகளைக் கத்தரித்து, நிறம் நிறமாகப் பிரித்துத் தட்டுகளில் கொட்டினார்கள். நான் மாமாவின் முழங்கைப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் கட்டை எந்த நிறமாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அலமாக், தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லும்மா, தட்டி விட்டுறப் போற," என்று பதறினார் ஒருவர்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நிமிரவில்லை. "பாப்பா, இது பெரியவங்க செட்டு. கட்டி முடிச்சதும் கூப்பிடுறேன், வந்து பாரு. கை மட்டும் வைக்காத."

முதல் கட்டையை மாமாதான் வைத்தார். கைப்பேசிகள் எல்லாம் அதை நோக்கி உயர்ந்தன. கைதட்டல் கேட்டது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்னால் போய், நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு மாமா ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பண்டார் தெங்காராவில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் தாங்கள் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். அவருக்கு எட்டு வயதில் சிங்கப்பூர்ப் பெரியம்மா ஒரு கோட்டை கொண்டுவந்ததையும், அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கியதையும், வீடு மாறும்போது அது தொலைந்ததையும் சொன்னார். "பெரியம்மா எனக்குக் குடுத்தது ஒரு பொம்மை இல்ல. ஒரு குழந்தைப் பருவம்," என்றபோது அவர் குரல் உடைந்தது. கூட்டம் அமைதியானது.

அந்த அமைதியில் அம்மா எழுந்து நின்றார்.

என் அம்மா சத்தம் போடுகிறவர் அல்ல. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர். அன்றும் சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அது உனக்கு வாங்கிட்டு வந்தது இல்லடா. எனக்கு."

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார். "ஆமாக்கா, ஒனக்கும் சேர்த்துத்தான். வீட்டுல ஒரு சாமான் இருந்தா எல்லாருக்கும்தானே?"

"சேர்த்து இல்ல. எனக்கு மட்டும். நீ என்னைத் தொடக்கூட விட்டதில்ல."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அக்காவும் தம்பியும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள் போல. அக்காவுக்கும் விளையாட ஆசை வந்துவிட்டது என்று யாரோ மலாயில் சொல்ல, சிரிப்பு பெரிதானது. மாமா அதைப் பிடித்துக்கொண்டார். தட்டிலிருந்து ஒரு சாம்பல் கட்டையை எடுத்து அம்மா பக்கம் நீட்டி, ஒலிவாங்கியிலேயே கூப்பிட்டார்: "வாக்கா, வா. நீயும் ஒன்னு வை!"

எல்லாரும் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். அம்மா அந்தக் கட்டையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்ததாக நினைவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு வந்தவரைப் போல இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "போலாம்," என்றார்.

அந்தக் கோட்டை இப்போதும் மாமா வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளே விளக்குப் போட்டபடி இருக்கிறது. கூட்டத்தார் அடுத்துக் கடற்கொள்ளையர் வரிசைக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் போகும்போது, "நீ அழுதியே, ஞாபகம் இருக்கா?" என்று மாமா கேட்பார். அம்மா அத்தைக்கு உதவியாகச் சமையலறைக்குப் போய்விடுவார். மாமா கெட்டவர் அல்ல. அவர் தன் குழந்தைப் பருவத்தைப் பொய்யாகச் சொல்லவும் இல்லை. அவருக்கு அது அப்படித்தான் நினைவிருக்கிறது. கோட்டை வீட்டுக்கு வந்தது, அவர் விளையாடினார். யாருக்கு வந்தது என்று கவனிக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை.

கூலாயில் நடந்த ஒரு கல்யாணத்தில் அம்மாவின் அந்தச் சிங்கப்பூர்ப் பெரியம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்போது நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். பேச்சு எப்படியோ கோட்டைப் பக்கம் திரும்பியது.

"ஒங்கம்மாவுக்குத்தான் வாங்கிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்துல மொதலா வந்தா. என்ன வேணும்னு கேட்டேன், கடை விளம்பரத்தைக் கிழிச்சு வச்சிருந்தா பாரு, அதைக் காட்டுனா. அடுத்த வாட்டி போறேன், தம்பி வச்சு விளையாடுறான், இவ தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கா. பொம்பளப் பிள்ளைக்குக் கோட்டை எதுக்குன்னு ஒங்க தாத்தா சொல்லிட்டாராம். அப்புறம் படிப்பும் அப்படித்தானே ஆச்சு? அவ கம்பெனி பஸ் ஏறுனா, அவன் காலேஜுக்குப் போனான்." பெரியம்மா பாயசத்தை எடுத்துக்கொண்டார். "ஒனக்குத் தெரியாதா? நீயும் அங்க இருந்தியாமே, அவன் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் அவ கேட்டப்ப."

நான் அங்கேதான் இருந்தேன். அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

ஆனால் கொண்டாட்டத்தன்று வாடகைக் காரில் வீடு திரும்பியபோது எனக்கு அம்மாவைப் பற்றி ஒரே பெருமை. பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காக என் வயதைக் குறைத்துச் சொல்கிறவர்தானே. அதே மாதிரி இன்று என்னை அந்த மேசையில் உட்கார வைப்பதற்காக, மாமா கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்ற வைப்பதற்காக, எனக்காக ஒரு பொய் சொன்னார் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் எனக்காகச் சண்டை போட்டார். பொய் எடுபடவில்லை, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் எண்ணெய் லாரிகள் எங்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். அவரைத் தேற்ற வேண்டியது என் பொறுப்பு என்று தோன்றியது. பெரிய மனுஷி மாதிரி அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

"பரவால்லம்மா. எனக்கு ஒன்னும் அந்தக் கோட்டை வேணாம்."

அம்மா திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வருவதைப் போல இருந்தது. பிறகு, "சரி, ஒனக்கு வேணாம்னா விடு," என்றார்.

அம்மா சமாதானமாகிவிட்டார் என்று நினைத்து, அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன்.