லண்டன் மாமியின் அழுகை

ஒன்பது வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த கலை ஒன்றே ஒன்றுதான். லண்டன் மாமியைப் போல அழுவேன்.

முதலில் இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ என்ரை ராசா, என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியளே" என்று இழுக்க வேண்டும். குரல் உச்சிக்குப் போன இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து, கடையில் சாமான் கேட்கிற குரலில், "பிள்ளை, அடுப்பிலை பால் வைச்சனான், பொங்கிப்போடும், ஒருக்கால் பார்" என்று சொல்ல வேண்டும். பிறகு விட்ட இடத்திலிருந்தே அழுகையைத் தொடர வேண்டும். நடுவில் ஒரு மூச்சு கூடிப்போனாலும் காரியம் கெட்டுவிடும். பாரிசில் நாங்கள் இருந்த லாச்சப்பல் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் பிறந்தநாள் வீடுகளில் என்னைத்தான் கூப்பிட்டுச் செய்யச் சொல்வார்கள். சொந்த மருமகள் என்ற செருக்கும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

மாமி அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. லண்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். தமிழ்ப் பள்ளிக்கூட விழா ஒன்றில் நடிக்க வேண்டிய பெண் வராமல் போக, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இவர் மேடையில் ஏறினார். அதற்குப் பிறகு மேடை அவரை விடவில்லை. லண்டன், பாரிஸ், சூரிச், ரொறொன்ரோ என்று தமிழர் மண்டபம் வாடகைக்கு எடுத்த இடமெல்லாம் மாமியின் நாடகம் போனது. பிறகு ஆங்கிலத் தொலைக்காட்சியிலும் வந்தார். ஒரு நகைச்சுவைத் தொடரில் பக்கத்து வீட்டுப் பெண். வீட்டுக்குள் என்ன சண்டை நடந்தாலும் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு சட்டி கறியோடு கதவைத் தட்டுவார். அவ்வளவுதான் பாத்திரம். மூன்று வருடம் அந்தச் சட்டியைத் தூக்கினார். பஸ்ஸில் வெள்ளைக்காரர்கள் அவரைக் கண்டால், இன்றைக்கு என்ன கறி என்று கேட்பார்களாம்.

எங்கள் வீட்டில் மாமியின் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டோம். காரணம் பெரியப்பா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர். கல்யாணம் கட்டவில்லை. லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல். மெத்ரோ ரயில் பாலத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், விரித்தால் கட்டிலாகிற கிளிக்-கிளாக் சோபாவில்தான் அவர் படுக்கை. நான் பிறப்பதற்கு முன்பு ஒருநாள், குசினியில் கூட வேலை செய்த ஒருவர் மாமியின் அந்த அழுகையைச் செய்து காட்டியிருக்கிறார். பெரியப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஊரில் தங்கள் தாயின் செத்தவீட்டுக்கு வந்த ஒரு பெண் அப்படித்தான் அழுதாளாம், அதே பாலோடு. மாமிக்கு அப்போது பத்து வயது. பெரியப்பா லண்டனுக்கு ரெலிபோன் எடுத்து, "அம்மாவின்ரை செத்தவீட்டை வைச்சோ சனத்துக்குப் பகிடி காட்டுறாய்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதுதான் அவர் மாமியோடு பேசிய கடைசிப் பேச்சு.

அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியோடு கதைப்பார். ரெலிபோன் மணி அடித்ததும் பெரியப்பா எழுந்து கோப்பை கழுவப் போய்விடுவார். போன கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார். கோப்பை கழுவ வந்தவர் ஏன் குழாயை மூடிவிட்டு நிற்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

பிரான்சில் புதன்கிழமைகளில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றப் போய்விடுவார், அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய்விடுவார். அதனால் பெரியப்பா தன் விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். அப்படி ஒரு புதன்கிழமை, கடையிலிருந்து வந்த பையில் முருங்கைக்காய்க்கு அடியிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தார். மேலட்டையில் மாமி வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தார்.

"போடு பாப்பம்" என்றார். போடுவதற்கு முன் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். "நான் இது பாத்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லப்படாது. மாமிக்கு ஒருக்காலும் சொல்லப்படாது. என்ரை தலையிலை சத்தியம் பண்ணு."

நான் பண்ணினேன். ஒருவர் தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் இந்த மாதிரி விஷயங்களில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.

இரண்டு வருடப் புதன்கிழமைகள் அப்படிப் போயின. நாடகங்கள் தீர்ந்ததும் லண்டன் தொடரைப் பதிந்த தட்டுகள் வந்தன. பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கும் தெரியாது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் போதும். பெரியப்பாவின் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. கிளிக்-கிளாக்தான் ஆடும், அதன் கம்பிகள் கிறீச்சிடும். மெத்ரோ போனால் யன்னல் ஆடும், பெரியப்பா சிரித்தால் சோபா ஆடும். டிவிக்குள் இருக்கிற சனம் சிரிப்பதற்கு முன்பே எனக்குக் கீழே சோபா ஆடத் தொடங்கிவிடும். நான் டிவியில் வைத்த கண்ணை எடுக்க மாட்டேன். மாமியின் கழுத்து எப்போது திரும்புகிறது, கை எங்கே நிற்கிறது என்று பாடமாக்குகிற வேலை எனக்கு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைக் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பெரியப்பா மாரடைப்பில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முன்பே முடிந்துவிட்டது. நான் முதலில் யோசித்தது, சத்தியத்தை எங்கேயாவது மீறினேனா என்பதைத்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அழுது முடித்ததும் அது ஒரு ஆறுதலாக இருந்தது.

மாமி ரயிலில் வந்தார். அப்பாவோடு நானும் கார் து நோர் நிலையத்துக்குப் போனேன். டிவிடி அட்டையில் பெரிதாகத் தெரிந்தவர் நேரில் என் பள்ளிக்கூட ரீச்சரை விடக் குள்ளமாக இருந்தார். வீடு கிட்டத்தில்தான், நடந்தே வந்தோம். நகைக்கடை ஒன்றுக்கு முன்னால் நின்ற நாலைந்து இளைஞர்கள் மாமியை அடையாளம் கண்டுகொண்டார்கள். "அக்கா, ஒருக்கால் அழுது காட்டுங்கோ" என்று ஒருவர் வழியை மறித்தார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கைப்பையை என்னிடம் தந்தார். தெருவில் நின்றபடியே அழுது, நிறுத்தி, பாலைப் பார்க்கச் சொல்லி, மறுபடி அழுதார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து பையை வாங்கினார். அண்ணனைப் பார்க்க வந்த இடத்தில் ஏன் இதைச் செய்தார் என்று அப்பா பிறகு அம்மாவிடம் கோபப்பட்டார். இல்லையென்றால் அண்ணனின் செத்தவீட்டுக்கு வந்த கதையை அந்த நடுத்தெருவில் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குப் பெருமை மட்டும்தான். மாமியின் அழுகையை நேரில் பார்த்துவிட்டேன். கண்ணீரைக்கூட அவரால் நினைத்த நேரம் வரவழைக்க முடிந்ததே என்று வியந்தேன்.

கிரியைக்குச் சுடலை மண்டபத்தில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் தந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரர் காலடியில் வயரை இழுத்துக்கொண்டு திரிந்தார். பெரியப்பாவுக்கு அப்பாவின் கோட்டும் சூட்டும் போட்டு, கழுத்தில் நீல நிற ரையும் கட்டியிருந்தார்கள். ஐயர் முடித்ததும் மாமி பெட்டிக்குக் கிட்டப் போனார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ என்ரை அண்ணை, ஒரு சொல்லுக் கதைக்காமல் போட்டியளே. ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு..."

குரல் மேலே போனது, உச்சிக்கு வந்தது. சட்டென்று நின்றது. மாமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் இவருக்கு ரை கட்டினது? கழுத்திலை ஒண்டும் வைச்சிருக்க மாட்டார், மூச்சு முட்டும். கழட்டிவிடு" என்று சாதாரணக் குரலில் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார்.

நான் சிரித்தேன். கெக்கட்டமிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். எனக்குப் பின்னால் யாரோ அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். பிறகு வரிசை வரிசையாக, வாயைப் பொத்திக்கொண்டும் குனிந்துகொண்டும், பெரியப்பாவின் செத்தவீட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். வாசலில் நின்ற பிரெஞ்சுக்காரர் மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார்.

அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துக் கையை ஓங்கினார். மாமி நடுவில் வந்துவிட்டார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அடிக்காதை. பிள்ளை சரியான இடத்திலைதான் சிரிச்சது" என்றார்.

பிறகு தானே குனிந்து பெரியப்பாவின் ரையைக் கழற்றி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அழவில்லை. அந்த இடத்தை வெட்டிவிடும்படி அப்பா வீடியோக்காரரிடம் சொல்லிவிட்டார். எங்களிடம் இருக்கிற வீடியோவில் மாமி பெட்டிக்குக் கிட்டப் போகிறார், அடுத்த நிமிடம் பெட்டி மூடப்படுகிறது.

வீட்டுக்கு வந்து தலைமுழுகிய பிறகு மாமி ஈரத்தலையோடு கிளிக்-கிளாக்கில் வந்து உட்கார்ந்தார், பெரியப்பா உட்காருகிற பக்கத்தில். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"பிள்ளை, ஒரு விசயம் கேக்கட்டே? பெரியப்பா எண்டைக்காவது என்ரை நாடகம் ஒண்டு பாத்தவரோ?"

என் கை பெரியப்பாவின் தலையில் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. எண்ணெய் வைத்த, நடுவில் வழுக்கை விழுந்த தலை.

"இல்லை மாமி."

"ரிவியிலையும்?"

"இல்லை."

"ஒருக்கால் கூட?"

"ஒருக்காலும் இல்லை."

மாமி தலையை ஆட்டினார். என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். "சரி, போய் விளையாடு" என்றார். பெரியப்பாவின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் எழுந்து போனேன். நான் சத்தியம் செய்த தலை அன்று மத்தியானமே எரிந்துபோயிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த கிழமை அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து அம்மா டிவிடிகளைக் கண்டெடுத்து, உன்னுடையதா என்று கேட்டபோது, ஓம் என்றேன். அதையும் ஒரு நல்ல காரியமாகத்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு மாமி மேடையில் அந்த அழுகையை அழவில்லை. சனம் கேட்டுக் கத்துமாம். சிரித்துச் சமாளிப்பாராம். இரண்டு வருடத்தில் தமிழ் நாடகங்களை விட்டுவிட்டார். ஆங்கிலத் தொடர்களில் மட்டும் எப்போதாவது வருவார், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற பெண்ணாக, வழி கேட்கிற பெண்ணாக. முழங்கால் நோவு வந்ததும் அதுவும் நின்றது.

போன வருடம் ஒரு தமிழ் வானொலியில் மாமியைப் பேட்டி கண்டார்கள். நான் சமைத்துக்கொண்டே கேட்டேன். இவ்வளவு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள், குறை ஏதும் உண்டா என்று கேட்டார் பேட்டி கண்டவர். "என்ரை அண்ணையை மட்டும் சிரிக்க வைக்க ஏலாமல் போச்சு" என்றார் மாமி. அவர் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டுப் பேட்டி கண்டவர் சிரித்தார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு நின்றேன். ஒரு சின்னச் சொல்லை இவ்வளவு வருடம் நான் பூட்டி வைத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். சத்தியம், முருங்கைக்காய்ப் பை, புதன்கிழமை எல்லாம் சொன்னேன். ஏசுவார் அல்லது அழுவார் என்று காத்திருந்தேன்.

"எந்த இடத்திலை சிரிச்சவர்?" என்று கேட்டார்.

"பாலைப் பாக்கச் சொல்லுற இடத்திலை."

"சொல்ல முன்னமோ, சொன்ன பிறகோ?"

"முன்னம் மாமி. நீங்கள் திரும்பேக்கையே."

"ஓம், அண்ணைக்குத் தெரியும்" என்றார். மூச்சு வாங்கியது. "எப்பிடிச் சிரிப்பார்? நீ எல்லாம் செய்து காட்டுவாயே. ஒருக்கால் செய், கேப்பம்."

மாமியின் அழுகையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பெரியப்பாவின் சிரிப்பு எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிவி எங்கேயும் ஓடிப்போகாது, பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

"சத்தம் வராது மாமி" என்றேன். "சோபா ஆடும்."

"எவ்வளவு ஆடும்?" என்று கேட்டார் மாமி.