காசி வெட்டிய கரிய எழுத்து

ஆம்பூர் கடைத்தெருவில் ஷபீ அஹமது சாயபு நடத்திய அச்சகத்தில் நானும் காசியும் பதினெட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் எழுத்துக் கோத்து மை தடவுகிறவன். காசி மரத்தில் எழுத்து வெட்டுகிறவர். தோல் மண்டிக்காரர்களின் விளம்பரத் தாளுக்குப் பெரிய எழுத்து வேண்டும். ஈயத்தில் அவ்வளவு பெரிசு எங்களிடம் கிடையாது. ஆகவே தேக்குத் துண்டும் உளியுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். கைவேலையில் கெட்டிக்காரர். வாயைத் திறந்தால் உளியே தேவலை என்றிருக்கும்.

ஜெர்மன் சண்டைக்கு இரண்டு வருஷம் முன்பு, தோல் சாயம் வந்த டப்பாவில் ஒட்டியிருந்த தாளை அவர் பிய்த்துக்கொண்டு வந்தார். அதில் இருந்தது ஜெர்மன்காரர் எழுத்து. வளைய வேண்டிய இடமெல்லாம் முறிந்து, முனை கூராகி, கோடு தடித்துக் கறுத்து நின்றது. அதில் ஒன்றும் அவருக்குப் படிக்கத் தெரியாது. "படிக்காமயே மெரட்டுது பாத்தியா" என்றார். பட்டையான நாணல் பேனாவைச் சாய்த்துப் பிடித்தால் இப்படித்தான் வரும் என்று சாயபு எழுதியே காட்டினார். தமிழை அப்படி வெட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று காசிக்கு அன்று பிடித்த பித்து விடவேயில்லை.

தமிழோ வளைவிலேயே பிறந்தது. ட, ப, ம மூன்றும் சொன்னபடி கேட்டன. ழவும் ஞவும் அவரைப் படாத பாடு படுத்தின. வளைவை முறித்தால் உள்ளே இருக்கும் வெள்ளை சுருங்கும். மை அங்கே போய் அடைத்துக்கொள்ளும். ஞவை மட்டும் ஒன்பது தடவை வெட்டினார். எல்லாம் முடியப் பதினாலு மாசம் ஆயிற்று. ஒரு மண்டியின் விளம்பரத்தை அதில் அடித்துச் சுவரில் ஒட்டினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே படிக்க முடிந்தது. வேலூரிலிருந்து ஆட்கள் வந்து அந்த எழுத்தைக் கேட்டார்கள். காசிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள் அமிர்தவள்ளிக்கு ஜோலார்பேட்டையில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை வேலாயுதம் ரயில் இஞ்சினுக்குக் கரி போடுகிறவன். தங்கமான பையன். கல்யாணப் பத்திரிகை தன் எழுத்தில்தான் என்று காசி ஒற்றைக்காலில் நின்றார். அதற்கென்று சின்னதாக ஒரு வரிசை வெட்டினார். சிவப்பு மை போடலாம் என்றேன். "இந்த எழுத்துக்குக் கறுப்புதான்டா" என்றார். தூரத்திலிருந்து படிக்கப் பிறந்த எழுத்தை உள்ளங்கை அளவு தாளில் நெருக்கி அடித்தோம். தாளில் வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது. மை தடவியவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்த பாவம் எனக்கும் உண்டு.

முறைப்படி பத்திரிகை தாம்பூலத்தோடு நேரில் போகும். காசிக்குப் பொறுக்கவில்லை. முதலில் ஒன்றைச் சம்பந்தி பார்க்கட்டும் என்று தபாலில் போடக் கிளம்பினார். அவர் சம்சாரம் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து, "நாலு மூலையிலும் தொட்டு வெச்சு அனுப்புங்க" என்றாள்.

"மஞ்சள் பட்டா எழுத்து கெட்டுடும். கம்முனு இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா பூவம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுடைய அண்ணன் அரக்கோணத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த நேரம் அது. தபால்காரர் கொடுத்த உறையைப் பிரித்தால் கரியாக ஒரு தாள், பொட்டு மஞ்சள் இல்லை. சாவுச் சேதித் தாளை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே கிழித்துப் போட்டு, அண்ணன் பேரைச் சொல்லி அலறி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தெருவே கூடி அழுதது. வேலை முடிந்து வந்த வேலாயுதம் துண்டுகளைச் சேர்த்துப் படித்தான். தன் கல்யாணப் பத்திரிகை.

"எழவுக்குக் குளிச்ச பத்திரிகைக்கு நான் பந்தல் போட மாட்டேன்" என்று பூவம்மாள் சொல்லியனுப்பினாள்.

பத்து நாள் கழித்து வேலாயுதம் தனியாக ஆம்பூருக்கு வந்தான். காசி வீட்டில் நானும் இருந்தேன். கதவுக்குப் பின்னால் அமிர்தவள்ளி நின்றிருந்தாள்.

"மாமா, அம்மாவை நான் பாத்துக்குறேன். நீங்க ஒரு தபா வந்து, தெரியாம நடந்துபோச்சும்மான்னு சொல்லிட்டா போதும். வேற பத்திரிகை அடிச்சுக்கலாம்."

அவ்வளவுதான் கேட்டான். சரி தம்பி என்று ஒரு வார்த்தை போதும். காசியின் நாக்கில் அன்று சனி உட்கார்ந்திருந்தது.

"இன்னா தெரியாம நடந்துச்சு? பதினாலு மாசம் வெட்டியிருக்கேன். வேலூர்க்காரன் தேடி வந்து கேக்குறான். உங்கம்மாவுக்கு எழவு எழுத்தாத் தெரிஞ்சா அது என் குத்தமா? அவங்களை இங்க வந்து பாத்துட்டுப் பேசச் சொல்லு."

பையன் வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினான். "வர்றேன் மாமா" என்று சொல்லிப் போனவன் வரவில்லை. அடுத்த தை மாசம் அவனுக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

எழுத்து வீணாகவில்லை. ஆம்பூரில் யார் வீட்டுக் கருமாதிக் காகிதம் என்றாலும் அதில்தான் அடிக்கச் சொன்னார்கள். காசி தேய்ந்ததை மட்டும் மறுபடி வெட்டிக் கொடுப்பார்.

மூன்று வருஷம் கழித்து அமிர்தவள்ளியைச் சத்துவாச்சாரியில் இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு முதல் தாரத்துக் குழந்தைகள் இரண்டு. அவள் வண்டி ஏறும்போது காசி கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் எழுத்தைக் கொறை சொன்னதும் தாங்கலம்மா. அதான் அன்னிக்கு..."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தேறியிருப்பார்.

"அவரு எழுத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலியேப்பா. என்னைத்தானே கேட்டு வந்தாரு."

வண்டி போய்விட்டது. இதற்கு இன்னா பதில் சொல்லியிருக்கலாம் என்று சாகும்வரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார் காசி.