கரடி முடித் தாயத்து

பயந்த பிள்ளைக்குப் பயத்தைப் போக்கிவிடுவது நல்லதா? எந்தத் தாயிடம் கேட்டாலும், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பார். எனக்கு மட்டும் இன்றுவரை பதில் தெரியவில்லை. ஏழு வயதில் என் பயம் ஒருமுறை முழுதாகப் போயிருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அப்போது சிராங்கூன் சாலையை ஒட்டி, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், கல்யாணமாகாத சித்தப்பா. சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல்களிலிருந்து எதையாவது கொண்டுவருவது அவர் வழக்கம். ஒருமுறை கிளி வந்தது. ஒருமுறை யாரோ மாலுமி விட்டுப்போன மழைக்கோட்டு வந்தது. ஒருநாள் சாக்குப்பையில் ஒரு கறுப்பு நாய்க்குட்டி வந்தது. நாய்க்குட்டி என்று அவர்தான் சொன்னார். சரவாக்கிலிருந்து வந்த கப்பலின் சமையல்காரர் வளர்த்ததாம், கடலில் தூக்கிப்போடச் சொல்லிவிட்டார்களாம். அம்மா அதன் பாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் நாய்க்கு இவ்வளவு நீளத்துக்கு நகம் இருக்கும் என்று கேட்டார். சித்தப்பா, அந்த ஊர் நாய் அப்படித்தான் என்றார்.

அதன் நெஞ்சில் பிறை வடிவில் மஞ்சளாக ஒரு பட்டை. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுத் தங்கச் சங்கிலியைக் காட்டிக்கொண்டு திரியும் ஆளைப் போல இருந்ததால் சித்தப்பா மைனர் என்று பெயர் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில், இரும்புச் சுழல் படிக்கட்டுக்கு அடியில் மைனர் கட்டப்பட்டது. சில மாதங்களில் அது நாய் இல்லை என்பது சந்து முழுவதும் தெரிந்துவிட்டது. மனிதர் போல இரண்டு காலில் நிற்கும் நாயை யாரும் பார்த்ததில்லை.

கரடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடியிருப்பது எப்படி என்று எல்லாரும் சண்டைக்கு வருவார்கள் என்று அப்பா எதிர்பார்த்தார். வந்தவர்களும் உண்டு. ஆனால் வேறொரு கூட்டமும் வந்தது. கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டல்லவா? ஊரில் கரடிக்காரன் வந்தால்தான் கிடைக்கும் பொருள், இங்கே கூப்பிடு தூரத்தில் கட்டிக் கிடக்கிறது. சித்தப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆளுக்கொரு கொத்தாகப் பிடுங்க ஆரம்பித்தார்கள். மைனரின் முதுகில் வழுக்கை விழுந்தது. முதலில் முனகியது. பிறகு உறுமியது. ஒருநாள், தம் பேரனுக்காக முடி எடுக்க வந்த பூக்கடைக்காரரின் கையைக் கீறிவிட்டது.

அவர் மணிக்கட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்து, போலிஸைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லப்போவதாக அப்பாவிடம் சொன்னார். சித்தப்பா அவர் காலில் விழாத குறை. கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. இனி மைனர் பக்கத்தில் யாரும் போகக்கூடாது. முடி வேண்டுமென்றால் சித்தப்பாவே எடுத்துத் தருவார். இன்னொரு முறை யாரையாவது தொட்டால் போலிஸ்தான்.

சந்து அமைதியானது. சித்தப்பா சிறு சிறு காகிதப் பொட்டலங்களில் முடி கொடுத்தார். மைனரின் முதுகிலும் முடி வளர்ந்தது. இது எப்படி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் போடாத சித்தப்பாவின் அலமாரியில் சப்பாத்துக்கு மெருகு போடும் பிரஷ் ஒன்று இருப்பதையும், அது வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வருவதையும் நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒன்றும் யோசிக்கவில்லை.

எனக்கிருந்த கவலை வேறு. காலையில் அப்பாவுக்குக் கோப்பி வாங்கி வருவது என் வேலை. கோப்பிக்கடையின் பின்கதவு அதே சந்தில் இருந்தது. இனிப்புக் கட்டிப்பால் தீர்ந்த டின்னில் கோப்பியை ஊற்றி, கயிற்றுக் காது வைத்துக் கொடுப்பார்கள். அந்த இனிப்புப் பால் வாசனை மைனருக்கு உயிர். டின்னோடு நான் போனால் சங்கிலி இழுபட எழுந்து நிற்கும். அதற்குப் பயந்து நான் பெரிய சாலை வழியாகச் சுற்றி வருவேன். கோப்பி ஆறிப்போகும். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கோப்பியா, குளிக்கிற தண்ணியா?" என்பார். தூக்கத்திலும் அலறுகிறேன் என்று அம்மா ஒருநாள் சித்தப்பாவிடம் போய் நின்றார். ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள், சொந்த அண்ணன் மகளுக்குக் கிடையாதா என்று கேட்டார்.

சித்தப்பா வெகுநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு பொட்டலம் வந்தது. அம்மா பத்தரிடம் கொடுத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து, கறுப்புக் கயிற்றில் என் இடுப்பில் கட்டினார். சித்தப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இனிமே மைனர் உன்னை ஒண்ணும் செய்யாது, பாப்பா," என்றார். நான் நம்பினேன். அன்றே சந்து வழியாகப் போனேன். அப்பாவுக்குச் சூடான கோப்பி கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பிக்கடைப் பின்கதவில் ஒரே கூட்டம். மைனர் சங்கிலியை அறுத்துக்கொண்டு கடைக்குள் புகுந்திருந்தது. பால் டின் அட்டைப்பெட்டியைக் கிழித்து, டின்களைப் பல்லால் கடித்துத் திறந்து, தரையில் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. சீனக் கடைக்காரர் மேசைமேல் ஏறி நின்று மலாயில் சபித்துக்கொண்டிருந்தார். பூக்கடைக்காரர் கையில் கடை அடைக்கும் பலகை. போலிஸுக்கு ஆள் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். துப்பாக்கி கொண்டுவருவார்கள் என்று இன்னொருவர் சொன்னார்.

துப்பாக்கி என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மைனரைப் படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் யாரும் சுடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பெரியவர்களின் கால்களுக்கிடையே நுழைந்து உள்ளே போனேன். பாவாடையை விலக்கித் தாயத்தைக் கையில் பிடித்து மைனரிடம் காட்டினேன். இன்னொரு கையை அதன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

மைனர் நக்குவதை நிறுத்தியது. உறுமியதா என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று அது என் காதில் விழவில்லை.

பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது, யாரையோ எழுப்பாமல் பேசுவது போல. "பாப்பா, அசையாத. கைய மெதுவா எடுத்துக்கோ."

நான் திரும்பிச் சிரித்தேன். "ஒண்ணும் செய்யாது சித்தப்பா. நீங்கதானே சொன்னீங்க."

சித்தப்பா எனக்கும் மைனருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, ஒரு டின்னை அதன் வாயருகே பிடித்துக்கொண்டே, அறுந்த சங்கிலியைச் சுருட்டிப் பிடித்தார். போலிஸ் வருவதற்குள் மைனர் படிக்கட்டுக்கு அடியில் கட்டப்பட்டுவிட்டது. அதன்பிறகு சித்தப்பா சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தும் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலைக்குள் சந்தின் மனம் மாறியது. சின்னப் பெண் கரடி முன்னால் போய் நின்றாளே, தாயத்து என்றால் இதல்லவா தாயத்து என்று பேச்சு. பூக்கடைக்காரரே வந்து, "இருந்துட்டுப் போகட்டும் லா. நல்ல சங்கிலியா போட்டுக் கட்டுங்க. என் பேரனுக்கு இன்னும் கொஞ்சம் முடி வேணும்," என்றார். சுடச் சொன்னவரே மன்னித்துவிட்டார். நான் துள்ளிக் குதித்தேன்.

மறுநாள் சித்தப்பா வேலைக்குப் போகவில்லை. அப்போது புதிதாகத் திறந்திருந்த விலங்கியல் தோட்டத்துக்குப் போய், கரடியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே கேட்டுவிட்டு வந்தார். சில நாட்களில் கூண்டு வைத்த லாரி வந்தது. கோப்பிக்கடைக்காரர் திட்டிக்கொண்டே ஒரு முழு பால் டின்னைத் திறந்து கூண்டுக்குள் வைத்தார். ஊரே எதிர்த்தபோது மைனருக்காகச் சண்டை போட்ட சித்தப்பா, ஊரே சம்மதித்தபோது ஏன் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு எங்களை அங்கே கூட்டிப்போனார். மைனர் மரக்கிளையில் குப்புறப் படுத்து நாலு காலையும் தொங்கவிட்டிருந்தது. முதுகு முழுக்கப் பளபளவென்று முடி. நடுவில் அகழி. யார் கையும் எட்டாது.

இப்போது நாங்கள் குவீன்ஸ்டவுனில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். என் மகனுக்கு நான்கு வயது. மின்தூக்கிக் கதவு மூடினால் அழுவான். கீழே நாய் குரைத்தால் என் காலைக் கட்டிக்கொள்வான். போன மாதம் அம்மா அந்தப் பழைய தாயத்தைப் புதுக் கயிற்றில் கோத்துக் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவர் சித்தப்பா. சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார், தலை நரைத்துவிட்டது. பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார்: "அது பிரஷ் முடிம்மா. மைனர் முடி ஒண்ணுகூட நான் யாருக்கும் குடுக்கல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீ திரும்பிச் சிரிச்ச பாரு, அது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு," என்றார். அவர் ஏன் மைனரைக் கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கட்டிவிடு, உன் அம்மா மனம் கோணக்கூடாது என்கிறார் என் கணவர். பிரஷ் முடி என்று தெரிந்தபிறகும் எனக்கு அது வேலை செய்யும் என்றுதான் தோன்றுகிறது. என் மகனுக்கு இன்னொரு பயமும் உண்டு. எங்கள் தாழ்வாரக் கைப்பிடிச் சுவர் பக்கம் அவன் போகவே மாட்டான். அந்தப் பயத்துக்காக நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்கிறேன். மின்தூக்கிப் பயத்தையும் நாய்ப் பயத்தையும் போக்குகிற தாயத்து, கைப்பிடிச் சுவர்ப் பயத்தை மட்டும் விட்டுவைக்குமா?

தாயத்து என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. நேற்று அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு அழாமல் மின்தூக்கியில் மூன்று மாடி இறங்கினான். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் போதுமா, அல்லது தீபாவளிக்கு அம்மா வருவதற்குள் கட்டிவிடத்தான் வேண்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.